கருப்பு புள்ளி எங்க விழுதுன்னு ஸ்கேல் வெச்சு பாருங்க

பர்கூர்ல நம்ம ஜெராக்ஸ் கடையில இன்னும் ஓடிட்டு இருக்கறது 12ஏ காட்ரிட்ஜ் (மைப்பொடி இருக்கற டப்பா) போடுற பழைய லேசர் பிரிண்டர்தான், கிரானைட் லாரி போற ரோடு, தூசிக்கு பஞ்சமே இல்ல, அதனால பிரிண்ட் கெடறது இங்க புதுசு இல்ல. ஆனா பிரிண்ட் கொஞ்சம் அசிங்கமா வந்ததும் "காட்ரிட்ஜ் போச்சு, புதுசு வாங்கு"ன்னு சொல்றாங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆகவே ஆகாது.

மொதல்ல கருப்பு புள்ளி. பட்டா பிரிண்ட்ல இது பெரிய தலைவலி, பரப்பு போட்டிருக்கற கட்டத்துல ஒரு புள்ளி விழுந்தா ஹெக்டேர்-ஏர் கணக்கே வேற மாதிரி தெரியும். ஸ்கேல் எடுத்து ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவுல அளந்து பாருங்க. ஏறக்குறைய 75 மில்லிமீட்டருக்கு ஒருதடவ, அதாவது ஒரு ஏ4 பக்கத்துல மூணு நாலு எடத்துல நேர்கோட்டுல வந்தா அது டிரம், அதாவது காட்ரிட்ஜுக்குள்ள எழுத்து மொதல்ல பதியற உருளை, ஏன்னா டிரம் ஒரு சுத்து சுத்தினா அவ்ளோ தூரம்தான் வரும், அதுல ஒரு கீறலோ ஒட்டுன துகளோ இருந்தா ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு முத்திரை குத்தும். 38 மில்லிமீட்டர் பக்கம் வந்தா டிரம்முக்கு சார்ஜ் குடுக்கற பிசிஆர் ரோலர பாருங்க. ரெண்டுமே ரீஃபில் பண்றவங்ககிட்ட தனியா கெடைக்கும், முழு காட்ரிட்ஜ் வேணாம்.

அளவே இல்லாம அங்கங்க பொடி சிந்துதுன்னா வேற கதை. டோனர் பொடி மட்டும் ரொப்பிட்டு, பேப்பர்ல ஒட்டாம மிஞ்சற வேஸ்ட் டோனர் சேர்ற பக்கத்த கொட்டாமலே மூடி குடுத்துடறாங்க, அது நெறைஞ்சு வழியுது. ரீஃபில் பண்ணும்போது பக்கத்துலயே நின்னு "அண்ணா, வேஸ்ட்டும் கொட்டிடுங்க"ன்னு சொல்லிடுங்க. மேல இருந்து கீழ வரைக்கும் மெல்லிசா கருப்பு கோடுன்னா பெரும்பாலும் டிரம்ம தொடைக்கற வைப்பர் பிளேடு, இல்லன்னா டிரம் கீறல். வெள்ளை கோடுன்னா காட்ரிட்ஜ மெதுவா பக்கவாட்டுல ஆட்டி போடுங்க, டோனர் கம்மியா இருந்தா சரியாயிடும், அப்பவும் போகலன்னா லேசர் வர்ற கண்ணாடியில தூசி, எங்க ஊர்ல அதுக்கு கேக்கணுமா. அத பிரிக்கறத மெக்கானிக்கிட்ட விட்டுடுங்க.

வெரல்ல தேச்சா எழுத்து அழியுதா? காட்ரிட்ஜ் மேல பழி போடாதீங்க, சூடு பத்தல, பொடிய சூட்டுல பேப்பர்ல ஒட்ட வெக்கற ஃபியூசரோட டெஃப்ளான் உறை கிழிஞ்சிருக்கலாம். சந்தேகம்னா பேப்பர் பாதி போகும்போது பவர ஆஃப் பண்ணி காட்ரிட்ஜ வெளிய எடுங்க, டிரம்ல எழுத்து சுத்தமா இருந்தா தப்பு அதுக்கு அப்புறம் நடக்குது, டிரம்லயே கோடு இருந்தா காட்ரிட்ஜோ லேசரோதான். உள்ள ஃபியூசர் கொதிக்கும், கைய விடாதீங்க, டிரம்மயும் வெரலால தொடாதீங்க, வெளிச்சத்துல ரொம்ப நேரம் வெக்காதீங்க. கையில டோனர் ஆயிடுச்சுன்னா பச்ச தண்ணிலதான் கழுவணும், சுடுதண்ணி ஊத்துனா ஒட்டிக்கும்.

மழை நாள்ல திடீர்னு எழுத்து மங்கலா, திட்டு திட்டா வந்துச்சுன்னா எதையும் கழட்டாதீங்க, பிரிச்சு வெச்ச பேப்பர் கட்டு ஈரம் வாங்கியிருக்கும், புது கட்டு பிரிச்சு ஒரு பக்கம் அடிச்சு பாருங்க.