மூன்று சுழி ணகரத்திலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்

தலைப்புகளுக்கென்று தடித்த, குறும்புத்தனமான தமிழ் எழுத்துரு ஒன்றைக் கையால் வரைந்து உருவாக்கும் முயற்சி, ஐந்து வாரங்களுக்குப் பிறகு இப்போதுதான் தட்டச்சு செய்து பார்க்கும் நிலைக்கு வந்திருக்கிறது. பட்டை முனை மார்க்கரால் தாளில் வரைவது, ஸ்கேன் செய்வது, படத்தைக் கோடுகளாகப் படியெடுக்கும் போட்ரேஸ் என்ற மென்பொருள் மூலம் கோட்டுருவாக மாற்றுவது, எழுத்துரு உருவாக்கும் மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜில் சேர்ப்பது என்பதுதான் என் திட்டம். இவற்றுள் மூன்றாவது படி முதல் நாளே கைவிடப்பட்டது. மையின் ஒவ்வொரு பிசிறையும் போட்ரேஸ் உண்மையாகவே படியெடுத்துவிட்டதால் கோட்டின் வடிவத்தைத் தீர்மானிக்கும் புள்ளிகள் ஓர் எழுத்துக்கு நூற்றுக்கு மேல் வந்தன. ஸ்கேனைப் பின்னணியில் வைத்து, வளைவுகளின் உச்சிகளில் மட்டும் புள்ளியிட்டு மறுபடி வரைந்தபோது இருபது, முப்பது புள்ளிகளே போதுமாயின. கையின் தள்ளாட்டத்தில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை நானே முடிவு செய்யவும் முடிந்தது.

பெரிய தவறு வேறிடத்தில் நடந்தது. எளிய எழுத்து என்பதால் பகரத்தில் தொடங்கினேன். எழுத்தை வரையும் 1000 அலகுச் சதுரத்தில் 600 அலகு உயரமும் 150 அலகுக் கோட்டுத் தடிமனும் வைத்தபோது, ப, ட, ம மூன்றும் களிமண்ணில் பிடித்து வைத்தவை போல அழகாக அமைந்தன. அதே தடிமனில் மூன்று சுழி ணகரத்தை வரைந்ததும் சுழிகளின் உள்வெளி முழுவதும் அடைபட்டு, எழுத்து ஒரு கருங்குமிழாக மாறிவிட்டது. அகலத்தைக் கூட்டிப் பார்த்தேன். 'கண்ணாடி' என்ற சொல்லில் இரண்டு ணகரங்களும் பக்கத்து எழுத்துகளை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருந்தன. தமிழில் தடித்த எழுத்து வரைவதற்கு அளவுகோல் ணகரமும் ஞகரமும்தான், பகரம் அல்ல என்பது இரண்டு வார உழைப்பைத் தூக்கிப் போட்ட பிறகே எனக்குப் புரிந்தது. இப்போது பொதுத் தடிமன் 118 அலகு. சுழிகளுக்குள் நுழையும் கோடுகள் மட்டும் 90 வரை மெலிகின்றன. கண் அந்த மெலிவைக் கவனிப்பதில்லை. பொதுத் தடிமன் குறைந்ததால் சற்றே நோஞ்சானாகத் தெரிந்த பகரத்தின் அகலத்தைக் குறைத்து அதன் பருமனை மீட்டேன்.

247 எழுத்துகள் என்று கேட்டால் மலைப்பாக இருக்கும். வரைய வேண்டியவை அத்தனை அல்ல. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு ஆகியவற்றையும் ஔகாரக் குறியின் பின்பாதியையும் தனித்தனியாக வரைந்துவிட்டால் ஏழு உயிர்மெய் வரிசைகள் தாமே அமைந்துவிடும். உயிர், ஆய்தம், மெய், அகர வரிசை, இகர ஈகார உகர ஊகார வரிசைகள் எல்லாம் சேர்ந்து என் கணக்கில் 126 வடிவங்கள். ஔகாரப் பின்பாதியை ளகரத்தைவிடச் சிறிதாக வரைந்தேன். இல்லாவிட்டால் 'கௌ' என்பதைக் 'கெள' என்றும் படிக்கலாம்.

இவற்றில் என்னை அதிகம் படுத்தியது உகர வரிசை. ஙு, சு, பு, யு, வு ஆகியவை கீழே ஒரு கோட்டை இறக்குகின்றன. கு, டு, மு, ரு, ழு, ளு ஆகியவை வளைந்து சுற்றிக்கொள்கின்றன. ஞு, ணு, து, நு, லு, று, னு ஆகியவை அடியில் சுழன்று வலப்புறம் காலாக எழுகின்றன. முதல் குடும்பத்துக்கு ஒரே வால் போதும் என்று நினைத்து நகலெடுத்து ஒட்டிப் பார்த்தேன். 'புதுசு' என்று தட்டியவுடன் இரண்டு வால்களும் ஒரே கோணத்தில் தொங்கி, கையெழுத்து என்ற பாவனையைக் கலைத்துவிட்டன. பதினெட்டையும் தனித்தனியாகவே வரைந்தேன்.

விளையாட்டுத்தனம் என்பதே இந்த ஒழுங்கின்மையில்தான் இருக்கிறது. தமிழில் அதற்கு ஒரு சோதனை எப்போதும் காத்திருக்கிறது: பக்கா, சட்டை, பத்து என்று ஒரே மெய் அடுத்தடுத்து வராத தலைப்பு அரிது. இரண்டும் அச்சு அசலாக இருந்தால் இயந்திரத்தனம் உடனே தெரியும். ஓப்பன்டைப் என்ற எழுத்துருக் கோப்பு முறையில் சூழலுக்கேற்ப மாற்றுருவைக் கொண்டுவரும் விதிகளை எழுதத் தொடங்கிய பிறகுதான் எளிய வழி தோன்றியது. புள்ளி வைத்த மெய்யைத் தனி வடிவமாக எப்படியும் வரைகிறோம். அகரமேறிய எழுத்து வலப்புறம் சாய்ந்தால் மெய்யை இடப்புறம் சாய்த்துவிடலாம். க்க, ட்ட, த்த எல்லாம் எந்த விதியும் இன்றி எதிரெதிராகச் சாய்ந்து நிற்கத் தொடங்கின. 'பாப்பா' போன்ற சொற்களின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் இன்னும் ஒன்றாகவே இருக்கின்றன. அங்கு மட்டும் விதி தேவைப்படும்.

ஆசைக்காக 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, தும்பிக்கை வைத்த லை, னை, ணை, ளை நான்கையும் விருப்ப வடிவங்களாகச் சேர்த்தேன். 'யானை' என்று எழுத அதைவிடப் பொருத்தமான வடிவம் ஏது?

பயன்படுத்திப் பார்த்ததில், குழந்தைகளுக்கான புத்தக அட்டை, விளையாட்டுப் பெட்டியின் பெயர், ஒட்டுப்படம், பிறந்தநாள் அழைப்பிதழின் முதல் வரி ஆகியவற்றில் இது நன்றாக நிற்கிறது. மூன்று, நான்கு சொற்களுக்கு மேல் போனால் சத்தம் போடுவது போலத் தோன்றுகிறது. 24 புள்ளி அளவுக்குக் கீழே ணகரம் மறுபடி அடைபடுகிறது. இருண்ட பின்னணியில் வெள்ளை எழுத்தாக வைத்தால் கோடுகள் மேலும் பருத்துத் தெரிவதால் அதற்கு 105 அலகில் ஒரு மெலிந்த பதிப்பு வேண்டும். மேலே விலங்கு எனப்படும் இகர ஈகார வளைவும் கீழே உகரச் சுழியும் நீள்வதால், இரண்டு வரித் தலைப்பில் மேல்வரியின் 'து' கீழ்வரியின் 'கீ'யை இடித்தது. அப்போதைக்கு வரி இடைவெளியைக் கூட்டிச் சமாளித்தேன்.

கிரந்த எழுத்துகளில் ஜ, ஸ, ஹ முடிந்துவிட்டன. ஷகரத்தின் நடுச்சுழி இன்னும் 90 அலகுக்குள் அடங்க மறுக்கிறது. அது முடிந்தால்தான் க்ஷகரத்தைத் தொட முடியும்.