நெருப்பு மட்டும் வேண்டாம்

2009இல் போர் முடிந்து, ஏ9 பாதையால் லொறிகள் தாராளமாக வரத் தொடங்கியபின் எங்களுக்குப் பெட்டி பெட்டியாகப் புத்தகங்கள் வந்தன. லண்டன், ரொறன்ரோ, சிட்னி என்று புலம்பெயர்ந்த வைத்தியர்கள் அனுப்பியவை. யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய மருத்துவ நூலகத்தில் நான் அப்போது உதவியாளர். இறாக்கைகளில் பாதி வெறுமை, மீதியில் கறையான். பெட்டிகளைக் கண்ட சந்தோசத்தில் வந்ததற்கெல்லாம் முத்திரை குத்தி, பதிவேட்டில் இலக்கம் போட்டு அடுக்கிவிட்டோம்.

அதுதான் பிழை. முத்திரை விழுந்தால் அது அரசாங்கச் சொத்து. பாவனைக்குதவாது என்று கழிக்க, போர்ட் ஒவ் சர்வே என்ற அரசாங்கச் சொத்துக் கணக்கெடுப்புக் குழு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். வருசத்துக்கு ஒருமுறைதான் வருவார்கள்.

ஒருநாள் ஒரு மாணவி புத்தகமும் கையுமாக வந்தாள். நின்றுபோன இதயத்துக்கு 15 தரம் நெஞ்சை அழுத்தி 2 தரம் மூச்சுக் கொடுக்கச் சொல்லியிருந்தது அதில். "அண்ணை, 2005இலயே இது 30க்கு 2 எண்டு மாத்தியாச்சு. இதை ஏன் இன்னும் வைச்சிருக்கிறியள்?"

சரி என்று அன்றைக்கே ஆண்டு பார்க்கத் தொடங்கினோம். மருந்து, சிகிச்சை பற்றியவை பத்து வருசத்துக்கு மேலென்றால் வெளியே. உடற்கூற்றியலில் அவ்வளவு கண்டிப்பில்லை. எலும்புகள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் தமிழில் ஆக்கிய மருத்துவ நூல்களின் போட்டோப்பிரதிகளைத் தனி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அது வைத்தியத்துக்கு அல்ல, வரலாற்றுக்கு. சஞ்சிகைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2002இல் தொடங்கிய ஹினாரி கைகொடுத்தது; வருமானம் குறைந்த நாடுகளுக்கு மருத்துவச் சஞ்சிகைகளை இன்ரர்நெட்டில் இலவசமாகவோ குறைந்த விலையிலோ தரும் திட்டம் அது. ஆனால் எங்கள் இன்ரர்நெட் விடியக்காலையில்தான் ஓடும். கட்டுரைகளை இறக்கவென்றே ஆறு மணிக்கு வந்து கதவு திறந்திருக்கிறேன்.

கழித்தவற்றை என்ன செய்வது? எரித்துவிடலாம் என்று மேலே இருந்து சொன்னார்கள். பியோன் அண்ணை அசையவில்லை. "நெருப்பு மட்டும் வேண்டாம் தம்பி." 1981 ஜூன் தொடக்கத்தில் ஒருநாள் விடிந்தபோது பொதுசன நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகிக் கிடந்த ஊர் இது. நானும் வற்புறுத்தவில்லை. மட்டையைக் கிழித்து, கட்டுக் கட்டாகப் பழைய பேப்பர்க் கடைக்குக் கொடுத்தோம். அதற்கே இரண்டு நாள் அவர் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அப்புறம் லண்டனிலிருந்து ஓய்வுபெற்ற டொக்டர் ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். ஆறு பெட்டி அனுப்பியவர். நன்றிக் கடிதம் எழுதியதும் நான்தான்.

"என்ர புத்தகங்கள் எந்த இறாக்கையில இருக்கு தம்பி?"

மறைக்க மனம் வரவில்லை. பின் அறைக்குக் கூட்டிப்போய், கையெழுத்துக்காகக் காத்திருந்த குவியலைக் காட்டினேன். குனிந்து ஒன்றை எடுத்தார். பழுப்புத்தாள் உறை, ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. மருந்தளவு இருந்த பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

"இப்ப இதை ஆரும் குடுக்கிறேல்லை" என்றார் மெதுவாக. பிறகு உறையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதை நான் கொண்டு போகலாமோ?"

"முத்திரை குத்தியாச்சு ஐயா. சர்வே முடியவேணும்."

சிரித்துவிட்டார். கன்ரீனில் தேத்தண்ணி குடிக்கும்போது இப்போது எந்தப் பதிப்பு வேண்டும் என்று கேட்டு, பட்டியலை என் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டு போனார்.