மலைக்குப் போகலாமா?

"அப்ப மலைக்குப் போகலாமா டாக்டரம்மா?"

"தாராளமாப் போங்கக்கா, வழக்கம்போல இருங்க."

நடந்தது இவ்வளவுதான். ஒரு ஆய்வில் சேர்ந்திருந்த அக்காவுக்குக் கவரைப் பிரித்து எந்தக் குழு என்று சொன்னதும் அவர் கேட்டார், நான் அடுத்த தாளைப் புரட்டிக்கொண்டே பதில் சொன்னேன். வெளியே இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள், பந்தலூர் பஸ்ஸை விட்டால் அவர்களுக்குச் சாயங்காலம் வரை வேறு பஸ் இல்லை. இதைச் சொல்லும்போதே சாக்கு மாதிரிதான் இருக்கிறது, சரி, இருக்கட்டும்.

நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். சொல்லிச் சொல்லிச் சலித்து விட்டுவிட்டேன். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்யும்போது பலருக்கு அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்துவிடுவார்கள், அப்புறம் சிலருக்கு நீர் சரியாக வடிய வழியில்லாமல் கை வீங்கும். அதற்கான ஆய்வு அது. இரண்டு குழுவுக்கும் அழுத்த உறை உண்டு. அக்கா அதைக் கை சாக்ஸ் என்பார். ஒரு குழு வாரம் 2 நாள் என் கண் முன்னால் எடை தூக்கும், அரைக் கிலோவில் ஆரம்பித்து மெல்ல மெல்லக் கூட்டி. இன்னொரு குழு 'வழக்கமான அன்றாட வேலைகளைத் தொடரலாம்'. ஒப்புதல் படிவத்தில் இருந்த வரி அதேதான். அக்காவுக்கு வந்தது அந்தக் கவர்.

நான் ஈரோட்டுப் பக்கம். எனக்கு மலை என்றால் நீலகிரி மொத்தமும் மலை. அக்கா இருந்த எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடு ரோட்டிலிருந்து நல்ல ஏற்றத்தில் இருந்தது, அந்த ஏற்றத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். ஆனால் 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களில் மலை என்றால் தேயிலைக்காடு, மலைக்குப் போவது என்றால் கொழுந்து எடுக்கப் போவது. எனக்குத் தெரியாது என்றுதான் ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது நான் அங்கே போய் ஏழு மாதம். காலையில் டீக்கடையில் நின்றாலே "இன்னைக்கு எந்த மலை?" என்று பேசிக்கொண்டு போவார்கள். ஏழு மாதமாக அது காதில் விழவே இல்லையா?

அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது என்று ஆபரேஷன் செய்த இடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதை நம்பி 14 மாதம் வீட்டிலேயே இருந்தவர், எஸ்டேட்டின் வேலைப் பதிவேடான செக்ரோலில் பேர் இல்லாமல், மருமகள் கையை எதிர்பார்த்து. என் ஒரு வார்த்தையில் அடுத்த திங்கட்கிழமையே முதுகில் பையோடு கிளம்பிவிட்டார். மற்ற குழுவில் ஒரு அம்மாவுக்கு ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோவுக்குப் போகலாமா என்று நான் அரைமணி நேரம் யோசித்துக்கொண்டிருந்த அதே வாரம் இவர் 15 கிலோ, 20 கிலோ கொழுந்தை நிறுக்கும் இடத்துக்குச் சுமந்துகொண்டிருந்தார்.

மூன்றாம் மாத அளவெடுப்புதான் எனக்கு இன்னும் ஜீரணமாகாதது. கையைத் துண்டின் மேல் நீட்டி வைத்து, மணிக்கட்டிலிருந்து 4 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளியாகப் பேனாவால் குறித்து, ஒவ்வொரு புள்ளியிலும் டேப்பைச் சுற்ற வேண்டும். முதல் சுற்று மணிக்கட்டில். அதற்குக் குனிந்தபோது விரல்களைப் பார்த்தேன். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கறுப்பாகக் கொழுந்துக் கறை, நுனியில் சின்னச் சின்ன வெடிப்பு. பார்த்தேன். அடுத்த புள்ளிக்குப் போய்விட்டேன். அளவெல்லாம் போன தடவையைவிடக் கூடவில்லை, ஒன்றிரண்டு இடத்தில் குறைந்துகூட இருந்தது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடைசியில் படிவத்தில் ஒரு கேள்வி: வழக்கமான வேலையில் மாற்றம் உண்டா? "இல்லம்மா, வழக்கம்போலதான்" என்றார். இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

ஐந்தாம் மாதம், நல்ல மழையில், குளிர்க்காய்ச்சலோடு வந்தார். கை முழங்கைக்கு மேல் வரை சிவந்து கொதித்தது. நான்கு நாள் படுக்க வைத்து ஊசி மருந்து. இப்படி அட்மிட் ஆனால் 24 மணி நேரத்துக்குள் நெறிமுறைக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், விவரத்தை எழுதியது நான். விரல் வெடிப்பு வழியாகக் கிருமி போயிருக்கலாம் என்று எழுதினேன். ஆய்வோடு தொடர்பு உண்டா என்ற இடத்தை நிரப்ப வேண்டிய டாக்டர், "நீங்க வேற ஏதாவது சொன்னீங்களாம்மா?" என்று கேட்டார். "ஃபார்ம்ல இருக்கிறதைத்தான் சார் சொன்னேன்." தொடர்பில்லை என்று குறித்தார். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

இதில் எனக்குச் சாதகமாகவும் பேச முடியும், பேசியும் இருக்கிறேன். கனம் தூக்கினால் வீங்கும் என்ற பயத்தைத்தானே PAL என்ற ஆய்வு அசைத்தது. 2009இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது, அமெரிக்காவில் கை வீக்கம் உள்ள 141 பெண்கள். ஒரு வருஷம் எடை தூக்கியவர்களுக்கு, தூக்காதவர்களைவிட வீக்கம் கூடவில்லை, திடீரென மோசமானது அவர்களில் 14 சதவீதம், தூக்காதவர்களில் 29. அப்படியானால் பை சுமந்ததில் என்ன தப்பு, காய்ச்சல் வெடிப்பால் வந்தது, வெடிப்பு எல்லாக் கொழுந்துக்காரிக்கும் உண்டு. ஆனால் அந்தப் பெண்கள் சின்ன எடையில் ஆரம்பித்தார்கள், சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. கறையைப் பார்த்த அன்று நான் வாயைத் திறந்திருந்தால் குறைந்தபட்சம் கையுறையும் களிம்புமாவது கொடுத்திருக்கலாம். கேட்டிருந்தால் படிவத்தில் எழுத வேண்டிவரும், எழுதினால் ஒப்பீடு குழம்பும் என்று அப்போது தோன்றியதா, இப்போது தோன்றுகிறதா, பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அக்காவுக்கு என் மேல் வருத்தமே இல்லை. வார்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க போகச் சொன்னதாலதான் பேரு திரும்பக் கிடைச்சுது" என்றார். அதற்குப் பதிலாகத் திட்டியிருக்கலாம்.

12ஆம் மாதம் கடைசி அளவுக்கு வந்தபோது டேப்பை எடுப்பதற்கு முன்பே விரல்களைப் பார்த்தேன். கறை இருந்தது. அந்தக் கேள்வியை நானே மெதுவாக வாசித்து, "மாற்றம் உண்டுன்னு எழுதுறேங்க்கா, மலைக்குப் போறீங்கல்ல" என்றேன்.

"இதுல என்ன மாற்றம்? 26 வருஷமா போறேன். வீட்டுல சும்மா இருந்தது மட்டுந்தான் எனக்குப் புதுசு" என்றார்.

பேனா அந்த இரண்டு கட்டங்களுக்கு மேலேயே நின்றது.