சொல் வராத அம்மம்மாவின் பாட்டு

பாரிசவாதம் வந்தபின் "தண்ணீர்" என்ற ஒரு சொல்லையேனும் உச்சரிக்க முடியாதிருந்த என் அம்மம்மா, இணுவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தவாறு, கோயில் நாதஸ்வர ஓசை காற்றில் வந்த ஒரு மாலையில், சிறுவயதில் மனனம் செய்த தேவாரத்தின் முதலடியைச் சொல் சிதையாமல் பாடினார். நாங்கள் அழுதுவிட்டோம்.

பேச்சைப் பெரும்பாலும் மூளையின் இடப்பக்கமே ஆள்கிறது. பாடும்போதோ வலப்பக்கமும் பங்கெடுக்கிறது. சிறு தொடர்களை இசைத்து இழுத்து, இடக்கையால் தாளம் தட்டிச் சொல்லப் பழக்கும் சிகிச்சை முறையொன்று 1973இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. பேச்சுச் சிகிச்சையாளர் காட்டிய வழியில் "தண்ணீர் தா" என்பதையும் அவ்வாறே பழக்கினோம்.

ஆனால் என்னை அதிகம் நெகிழ வைப்பது வேறொன்று. 1959இல் அமெரிக்க இசையமைப்பாளர் போல் நோர்டொஃப், பிரித்தானியச் சிறப்புக் கல்வி ஆசிரியர் கிளைவ் ரொபின்ஸ் ஆகியோர் இணைந்து உருவாக்கத் தொடங்கிய இசைச் சிகிச்சையில், வருபவருக்குச் சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர் எழுப்பும் ஓசை எதுவாயினும், சிகிச்சையாளர் அதற்கு இசையாலேயே மறுமொழி தருகிறார். சுருதி பிசகினால் உடனே திருத்தும் வழக்கமுள்ள நம் ஊரில் (ஒப்பாரிக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு என்றும் இருந்ததில்லை) இதை நாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உளமார விரும்புகிறேன்.

நேற்று அம்மம்மா பாடியது எந்தப் பண்ணிலும் அடங்காத, மறைந்த அம்மப்பாவை அழைக்கும் நீண்ட இழுவை. அருகிலிருந்து நானும் மெல்ல இழுத்தேன். அவர் என் கையைப் பற்றிக்கொண்டு இன்னும் உரத்துப் பாடினார்.