ஸ்லான்ட் சிக்ஸும் ஃபால்கன் சிக்ஸும்: இதுவரை பார்த்த வேலை

என்னுடையது 1964 டாட்ஜ் டார்ட் கார், 225 கன அங்குல ஸ்லான்ட் சிக்ஸ் (சாய்த்து வைத்த ஆறு சிலிண்டர் எஞ்சின்). நண்பருடையது அதே காலத்து ஃபோர்டு ஃபால்கன், 170 கன அங்குல ஆறு சிலிண்டர். ஓட்டியும் கழற்றியும் பார்த்ததில், உழைப்பில் டார்ட்தான் முன்னால் நிற்கிறது என்பது என் கருத்து.

இந்த முறை என் டார்ட்டில் வால்வு இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே விடும் சின்ன இடைவெளியை, சரிபார்த்தேன். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு இன்டேக் (கலவை உள்ளே வரும் வால்வு) 0.010 அங்குலம், எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் வால்வு) 0.020. இதில் எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் கிடையாது. அதனால் தையல் மெஷின் மாதிரி டக் டக் என்று ஒரு சத்தம் வரத்தான் செய்யும். அந்தச் சத்தம் பிடிக்காமல் இறுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அங்கேதான் ஆபத்து. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டில் (மூடும்போது அது பதியும் வளையத்தில்) உட்காரும் நேரத்தில்தான் இறக்கிவைக்கிறது. இடைவெளி இல்லாவிட்டால் சரியாக உட்காராது, கருகிப்போகும். அமைதியாக ஓடும் பழைய ஸ்லான்ட் சிக்ஸைப் பார்த்தால் எனக்குக் கவலைதான் வருகிறது.

எஞ்சினை 30 டிகிரி சாய்த்ததில் பானட் தாழ்ந்தது மட்டும் லாபமில்லை. பக்கத்தில் கிடைத்த இடத்தில் நீளமான இன்டேக் குழாய்களை வைக்க முடிந்திருக்கிறது. ஃபால்கனில் இன்டேக் மேனிஃபோல்டு (கலவையை சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் குழாய்த்தொகுதி) சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டது. கழற்றி வேறு மாட்ட வழியில்லை. பெரிய கார்புரேட்டர் ஆசையெல்லாம் அங்கேயே நின்றுவிடும். அன்றைய கணக்கில் 170-க்கு 101 குதிரைத்திறன், 225-க்கு 145. மேட்டில் ஏறும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. ஆனால் ஃபால்கன் எடை குறைவு, ஊருக்குள் ஓட்ட அலுக்காது.

அப்புறம் டார்ட்டின் பலாஸ்ட் ரெசிஸ்டர், இக்னிஷன் காயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும் சின்னத் துண்டு. ஸ்டார்ட் செய்யும்போது மின்சாரம் அதைத் தாண்டிப் போகும்; எஞ்சின் பிடித்துக்கொள்ளும். சாவியை விட்டதும் அணைந்துவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஒன்று எப்போதும் டேஷ்போர்டு பெட்டியில் இருக்கட்டும். டார்ட்டின் இடது பக்கச் சக்கர நட்டுகள் எதிர்த்திசை மரை. டயர் கடையில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

அதே காலத்து ஷெவர்லே கோர்வேர் காரையும் சேர்த்து ஒப்பிடலாம் என்று நண்பர் சொல்கிறார். பின்னால் எஞ்சின், காற்றுக் குளிர்விப்பு, 90 டிகிரி திரும்பி ஓடும் விசிறி பெல்ட். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

அடுத்தது பிரேக். டார்ட், ஃபால்கன் இரண்டிலும் மாஸ்டர் சிலிண்டர் (மிதியை அழுத்தும்போது பிரேக் எண்ணெயைத் தள்ளும் பகுதி) ஒற்றைச் சுற்று. ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். இரட்டைச் சுற்றுக்கு மாற்றிய பிறகுதான் நெடுஞ்சாலைப் பயணம்.