கடைசி ஸ்லைடு

பட்டனை ஒரு தட்டு தட்டியிருந்தால் போதும். விரல் அதன் மேல்தான் இருந்தது.

லண்டனுக்கு வந்த ஜெர்மன் குழுவின் நாடகம், வோல்ஃப்காங் போர்ஷர்ட் எழுதிய ‘கதவுக்கு வெளியே’. சப்டைட்டில் ஓட்டியது நான். சைபீரியச் சிறையிலிருந்து ஊர் திரும்பும் பெக்மன், வாயு முகமூடிக்கு மாட்டும் அந்த அசிங்கமான கண்ணாடியோடு வீடு வீடாக ஏறி இறங்குகிறான். முடிவில் இருட்டைப் பார்த்துக் கத்துகிறான், பதில் சொல்ல ஒருத்தரும் இல்லையா என்று. மூன்று தரம். இரண்டுக்கு எழுத்து போட்டேன். மூன்றாவதுக்குத் திரையைக் கறுப்பாக விட்டுவிட்டேன்.

ஒத்திகையில் பேசி வைத்ததுதான். “குரலே போதும்” என்றார் இயக்குநர். இல்லை, நான் சொல்லி அவர் தலையாட்டினாரா? யோசிக்க யோசிக்க நான்தான் என்று படுகிறது. காரணமும் வைத்திருந்தேன். 1947 பிப்ரவரியில் இந்த நாடகம் முதலில் வந்தது வானொலியில். ஹாம்பர்க்கில் மேடையேறியது நவம்பர் 21 அன்று. அதற்கு முந்தின நாள்தான் போர்ஷர்ட் 26 வயதில் பாசல் நகரில் இறந்துபோனார். காதுக்குப் போன நாடகம், கத்தலுக்கு எதற்கு மொழிபெயர்ப்பு என்று நினைத்தேன்.

ஆட்டம் முடிந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பெண்மணி வந்தார். எழுபது வயதிருக்கும். காதைத் தொட்டுக் காட்டி, கேட்காது என்றார்.

“கடைசியில் அவன் வாய் அசைந்ததே, என்ன சொன்னான்?”

சொன்னேன். என் உதட்டையே பார்த்தார்.

“முன்னால் சொன்னதேதானா?”

“அதேதான்.”

“சரி” என்று கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

அதேதான் என்றது பொய். மூன்றாவது தரம் ‘கைனர், கைனர்’ என்று அந்தச் சொல் இரட்டித்து வரும். ஒருத்தரும், ஒருத்தர்கூட. சின்ன வித்தியாசம்தான். ஆனால் அதைத்தானே நான் மறைத்தேன்?

மறுநாள் ஸ்லைடைப் போட்டேன். அரங்கமே அண்ணாந்து படித்தது. அந்த நொடியில் பெக்மனை யாரும் பார்க்கவில்லை. நான் முதலில் நினைத்தது சரிதான் என்று ஒரு அற்ப திருப்தி.

மூன்றாம் நாள் மறுபடி கறுப்பு. அவரைப் போல யாராவது வந்திருக்கிறார்களா என்று பூத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். பின்னந்தலைகள்தான் தெரிந்தன.