படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி

பல்கலைக்கழகத்தின் ரேடார் தொலையுணர்வு ஆய்வகத்தில் சேர்ந்தபோது, வேலையெல்லாம் கணினி முன்னால்தான் இருக்கும் என்று நினைத்தேன். முதலில் கையில் கிடைத்தது அலுமினியத் தகடும் ஸ்பேனரும்தான். திறந்த நிலத்தில் ஒரு கார்னர் ரிஃப்ளெக்டர் நிறுத்த வேண்டும் என்றார் பேராசிரியர். மூன்று முக்கோணத் தகடுகள், பெட்டியின் மூலை போல, ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சேர்ந்திருக்கும். உள்ளே வரும் ரேடார் அலை மூன்றிலும் பட்டு, வந்த திசையிலேயே திரும்பிவிடும்.

பயிரும் புதரும் உள்ள இடத்தில் செயற்கைக்கோள் எடுக்கும் ஒரு ரேடார் படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே இலைகள் அசைந்து, வளர்ந்து, எல்லாம் மாறிவிடுகின்றன. அலையின் கட்டத்தை, அதாவது திரும்பி வரும் அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை, ஒப்பிட்டு நிலம் தாழ்கிறதா என்று பார்க்க வழியில்லை. அங்கே மாறாத ஒரு புள்ளி வேண்டும், அதுதான் இந்த ரிஃப்ளெக்டர். நாங்கள் பயன்படுத்தும் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள் அனுப்பும் அலையின் நீளம் சுமார் 5.5 செ.மீ. உள்விளிம்பு 1 மீட்டர் இருந்தாலே, அந்த அலைக்கு நம் ரிஃப்ளெக்டரின் எதிரொலிப் பரப்பு (எதிரொலி எவ்வளவு பலமானது என்பதன் அளவு) 1,300 சதுர மீட்டரைத் தாண்டும். நம்ப முடியாமல் இரண்டு முறை கணக்குப் போட்டேன்.

தகடுகளைச் சரியான செங்கோணத்தில் பூட்டவே இரண்டு நாள் ஆனது. கோணம் பிசகினால் எதிரொலி குறைந்துவிடும். மழைநீர் தேங்காமலிருக்க அடிமூலையில் ஓட்டை போட்டோம். இடம் தேர்ந்தெடுக்கப் பழைய படங்களைச் சராசரி எடுத்து, எதிரொலி குறைந்து இருட்டாகத் தெரிந்த பகுதியைப் பிடித்தோம். கம்பிவேலியோ மின்கம்பமோ பக்கத்தில் இருக்கக் கூடாது.

அப்புறம் சாய்வு. அந்த இடத்தில் செயற்கைக்கோள் அடிவானத்திலிருந்து சுமார் 51 டிகிரி உயரத்தில் இருக்கும். ரிஃப்ளெக்டரின் நடு அச்சு இயல்பாகவே 35 டிகிரி மேலே பார்க்கும். மீதி 16 டிகிரிக்கு முன்பக்கத்தைத் தூக்கி வைத்தோம்.

திசையில்தான் தவறினேன். சென்டினல்-1 தன் வலப்பக்கம் பார்ப்பது. மாலையில் வடக்கு நோக்கிப் போகும்போது கிழக்கைப் பார்க்கும். அதனால் நானும் கிழக்கு நோக்கி வைத்துவிட்டேன். ஆனால் கிழக்கைப் பார்க்கும்போது அது மேற்கில் இருந்துகொண்டு பார்க்கிறது. ரிஃப்ளெக்டரின் முகம் மேற்கே இருக்க வேண்டும். 12 நாள் கழித்து வந்த மாலைப் படத்தில் ஒன்றுமே இல்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

காலைப் படத்தையும் பார்க்கச் சொன்னார் சீனியர் ஒருவர். காலையில் அது தெற்கு நோக்கிப் போகும், மேற்கைப் பார்க்கும். இறக்கித் திறந்தேன். நாங்கள் குறித்த இடத்திலேயே வெள்ளையாக ஒரு புள்ளி! செங்கோணமும் சாய்வும் சரி, முகம் மட்டும் மாறியிருக்கிறது என்று புரிந்தது.

திரும்பப் போய் மேற்கே திருப்பிப் பூட்டினோம். அடுத்த மாலைப் படத்தில் புள்ளி பளிச்சென்று இருந்தது, நான்கு பக்கமும் சிலுவை போல மெல்லிய கதிர்களோடு. கட்டத்தை ஒப்பிட இரண்டாவது படம் வேண்டும். அதற்கு இன்னும் 12 நாள்.